பீடித் தட்டும் எங்கள் ஆச்சியும்

பேரப்பிள்ளைகளை மடியில் போட்டுக் கதை சொன்ன பாட்டிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எங்கள் ஆச்சியின் மடியில் எப்போதும் பீடித் தட்டு இருந்தது, அதனால் எங்களுக்கு அங்கே இடம் கிடையாது. பக்கத்தில் உட்காரலாம். உட்கார்ந்தால் சும்மா இருக்கக் கூடாது, அவள் சுற்றிப் போடும் பீடிக்குத் தலை மடக்கித் தர வேண்டும். கதை வேண்டுமா, கையில் வேலையைப் பிடி. அதுதான் அந்த வீட்டுச் சட்டம்.

ஊர் கடையம் பக்கம் ஒரு சின்னக் கிராமம். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை, மழைக்காலத்தில் பாதி நாள் அது மேகத்துக்குள் இருக்கும். கடையம் என்றதும் படித்தவர்களுக்குப் பாரதியார் ஞாபகம் வரும், அவர் மனைவி செல்லம்மாளின் ஊர், புதுச்சேரியில் இருந்து திரும்பிய பிறகு 1918 முதல் 1920 வரை அவர் அங்கேதான் இருந்தார். பள்ளிக்கூடத்தில் அதைப் படித்துவிட்டு வந்து ஆச்சியிடம் பெருமையாகச் சொன்னேன். "அந்தத் தெரு வழியாத்தாம்ட்டி எலை வாங்கப் போவோம்" என்றாள். அவ்வளவுதான், அதற்கு மேல் பாரதியாரைப் பற்றி அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. எலை என்றால் பீடி இலை. அவளுக்கு உலகத்தில் வேறு இலை கிடையாது, வாழை இலையைக்கூட ‘வாழை’ என்று சேர்த்துத்தான் சொல்வாள்.

பிறந்த தேதி தெரியாது. சுதந்திரம் வந்தபோது ஏழெட்டு வயசு இருக்கும் என்பது அவள் கணக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்களாம், இவள் ஆடு மேய்க்கப் போயிருந்ததால் கிடைக்கவில்லையாம். நாட்டின் சுதந்திரத்தைப் பற்றி அவளுக்கு இருந்த ஒரே வருத்தம் அந்த மிட்டாய்தான். பி.எஃப். படிவத்தில் யாரோ ஒரு புண்ணியவான் ஜூலை 1 என்று போட்டுவிட்டார், அதுவே அவள் பிறந்தநாள் ஆனது. பிற்பாடு பேரன்கள் கேக் வாங்கி வந்து அந்தத் தேதியில் வெட்டச் சொன்னபோது, "எவம்ல பொறந்தான் இன்னைக்கு?" என்று கேட்டாள்.

அவளைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் கேட்ட முதல் கேள்வி, பொண்ணு பீடி சுத்துமா என்பதுதான். எங்கள் பக்கம் அது விசித்திரமான கேள்வி இல்லை, ரொம்ப நாள் வரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பீடித் தொழிலாளி என்று காட்டும் கடை அட்டை கையில் இருக்கிற பொண்ணு என்றால் நகை ஒரு பவுன் குறைந்தாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆச்சி பத்து வயசிலேயே சுற்றக் கற்றுக்கொண்டவள். "ஆயிரம் சுத்தும்" என்று அவளுடைய அம்மா சொல்லியிருக்கிறாள். உண்மையில் அப்போது அறுநூறுதான் வருமாம். கல்யாணத்துக்கு அப்புறம் மாமியாருக்குப் பயந்து ஆயிரம் ஆனது.

ஆயிரம் பீடி என்றால் என்ன என்று பீடி சுற்றாத ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். இலை மத்தியப் பிரதேசம், ஒடிசா பக்கத்துக் காடுகளில் இருந்து வரும். கடையில் எடை போட்டுத் தருவார்கள், புகையிலைத் தூளும் எடை போட்டுத்தான் தருவார்கள். ராத்திரியே இலையைத் தண்ணீரில் நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். விடியற்காலையில் ஒவ்வொரு இலையாக எடுத்து, தகரத்தில் செய்த அளவுத் தகட்டை அதன்மேல் வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும், நரம்பு தடிப்பாக இருந்தால் சீவ வேண்டும். அப்புறம் வெட்டிய இலையில் தூளை ஒரு சிட்டிகை பரப்பி, ஒரு பக்கம் ஒடுங்கி மறுபக்கம் அகலமாக வரும்படி உருட்டி, நூலால் கட்டி, தலையை மடக்க வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். இவ்வளவையும் சாயங்காலம் கடைக்குக் கொண்டுபோனால், அங்கே பார்க்கிற ஆள் ஒரு கட்டைப் பிரித்து உருட்டிப் பார்த்து, கழிவு என்று ஒரு கை அள்ளி ஓரமாகப் போடுவார். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது, ஆனால் அந்தப் பீடியும் திரும்ப நம் கைக்கு வராது. அது எங்கே போகிறது என்று ஆச்சி அடிக்கடி கேட்பாள், சத்தமாகவே கேட்பாள். இலை மோசமாக வந்தால் கொடுத்த எடைக்கு ஆயிரம் வராது, குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வெளியே வாங்கி எண்ணிக்கையைக் கட்ட வேண்டும். மழைக்காலத்தில் அவளுக்கு வருகிற கோபத்துக்குக் காரணம் மழை இல்லை, இந்த இலைதான்.

இதற்கு நடுவில்தான் சமையல், மாடு, மூன்று பிள்ளைகள், மாமியார், எல்லாம்.

தாத்தா பம்பாயில் இருந்தார். தாராவி. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவர் அங்கே போனவர்தான், அதனால் ஆச்சி அந்த ஊரைப் பக்கத்துத் தெரு மாதிரி பேசுவாள். வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருவார், வரும்போது ஒரு டிரங்குப் பெட்டியும் சென்ட் வாசனையும் வரும், கொடை முடிந்து எட்டாம் நாள் திரும்பிப் போய்விடுவார். பணம் அனுப்பினாரா என்றால் அனுப்பினார், சில மாதம். அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருந்தது என்று ஊரில் பேச்சு உண்டு. நான் கல்லூரி முடித்த தைரியத்தில் ஒருமுறை இதை நேராகவே கேட்டேன். ஆச்சி தட்டில் இருந்து கண்ணை எடுக்காமல், "இருந்துட்டுப் போவுது, சவத்த விடு, அவளும் சோறு திங்கணும்லா" என்றாள். அதைப் பெருந்தன்மை என்று நான் எழுதப் போவதில்லை. அவளுக்கு அந்த ஆள் மேல் அதற்குள் ஆர்வமே போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. தாத்தா கடைசிக் காலத்தில் இருமிக்கொண்டு ஊர் திரும்பினார். திண்ணையில் உட்கார்ந்து அவள் சுற்றிய பீடியையே வாங்கிப் புகைத்தார். கணக்கில் குறையும் என்று அதையும் எண்ணித்தான் கொடுத்தாள்.

வேலை நேரத்தில் ரேடியோ ஓட வேண்டும். திருநெல்வேலி வானொலி உண்டு, ஆனால் தெற்கே இருக்கிற எங்களுக்கு இலங்கை வானொலி இன்னும் தெளிவாகக் கேட்கும். அறிவிப்பாளர் அப்துல் ஹமீது குரல் என்றால் ஆச்சி கை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடும். அவள் தெருவில் நாலைந்து பெண்கள் ஒரே வீட்டுத் திண்ணையில் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள், ஒருத்தி வீட்டு ரேடியோவில் பேட்டரி தீர்ந்தால் அடுத்தவள் வீட்டு ரேடியோ வரும். பாட்டுக்கு நடுவில் ஊர்க்கதை. யார் மகள் யாரோடு பேசினாள், எந்த மருமகள் சோற்றை ஒளித்து வைத்தாள், எவன் குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்தான். கை இலையில், காது ரேடியோவில், வாய் ஊரில். நான் சின்ன வயசில் கேட்ட கதையெல்லாம் இவைதான். ராஜா ராணி ஒருவர்கூட வந்ததில்லை.

சாமி கதை என்றால் கொடையில் வில்லுப்பாட்டில் கேட்டது. சுடலைமாடன் கொடைக்கு விடிய விடிய உட்கார்ந்திருப்பாள், பாட்டுக்காரர் ஒரு அடியை விட்டுவிட்டால் இவள் கீழே இருந்து எடுத்துக் கொடுப்பாள், அந்த ஆள் முறைப்பார்.

வருஷத்தில் அவள் கை பீடி தொடாத நாட்கள் என்றால் ஆடி அமாவாசை நாட்கள்தான். பாபநாசத்துக்கு மேலே காரையாறு பக்கம் சொரிமுத்தையனார் கோயில். அங்கே குடும்பம் குடும்பமாகப் போய்க் குடில் போட்டுத் தங்குவார்கள், ஆற்றங்கரை முழுக்க அடுப்புப் புகை. அங்கே பட்டவராயன் சன்னதியில் செருப்பைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் வீட்டு அக்கா தங்கை பொம்மக்காவையும் திம்மக்காவையும் கல்யாணம் பண்ணிக்கொண்டு, அதற்காகச் செருப்புத் தைக்கவும் கற்றுக்கொண்டவன் இந்தப் பட்டவராயன் என்பது கதை. மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தான். ஆச்சிக்கு அந்தச் சாமி மேல் மட்டும் தனிப் பிரியம். "மாமியா வீட்டுக்காவ தொழில் கத்துக்கிட்ட ஆம்பள அவன் ஒருத்தந்தாம்ட்டி" என்பாள். பம்பாய்க்காரரை நினைத்துச் சொன்னாளா என்று தெரியாது. ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு பாறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆச்சியை அங்கே மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அப்போதும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும்.

1992 நவம்பரில் பெரிய வெள்ளம் வந்தது, தாமிரபரணிக்காரர்கள் யாரும் அதை மறக்கவில்லை. எங்கள் பக்கம் மலையில் இருந்து காட்டாறு இறங்கி வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா ரேஷன் கார்டைத் தேடுகிறாள், சித்தி அரிசிப் பானையைத் தூக்குகிறாள். ஆச்சி தூள் பொட்டலத்தையும் பீடிக் கணக்கு எழுதும் கடைப் பாஸ் புத்தகத்தையும் ஒரு துணியில் முடிந்து தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாளாம். அரிசி நனைந்தால் காய வைக்கலாம், தூள் நனைந்தால் கடைக்காரனுக்கு யார் பதில் சொல்வது? இந்தக் கதையை சித்தி எப்போதும் கேலியாகச் சொல்வாள். எனக்கென்னவோ ஆச்சி சொன்னது சரியாகத்தான் படுகிறது.

அதற்குக் கொஞ்ச காலத்திலேயே, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் ஊருக்குள் வந்தது. ராத்திரி சோறு தின்ற பிறகு தெருவிளக்குக்குக் கீழே பாய் விரித்துப் பாடம். சொல்லிக் கொடுத்தது பக்கத்துத் தெருவில் ஒன்பதாம் வகுப்பு படித்த ஒரு பிள்ளை. பீடி சுற்றுகிற பெண்களிடம் தட்டைக் கீழே வை என்றால் யாரும் வர மாட்டார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும், அதனால் எல்லாரும் மடியில் தட்டோடுதான் உட்கார்ந்தார்கள். ஆச்சி தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டாள். அதோடு நின்றுவிட்டாள். கதைப் புத்தகம் கொடுத்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "பேரு போதும்" என்றாள்.

பெயர் மட்டும் போதும் என்றவள் அதை வைத்து என்ன செய்தாள் என்றால், கடையில் கைநாட்டு வைப்பதை நிறுத்தினாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பாஸ் புத்தகத்தை வாங்கி, எண்களை ஒன்றொன்றாகப் பார்ப்பாள். எண் அவளுக்கு முன்னாலேயே தெரியும், ஆனால் அதுவரை யாரும் புத்தகத்தை அவள் கையில் கொடுத்ததில்லை. ஒரு வாரம் நாலாயிரம் போட்டதற்கு மூவாயிரம் என்று எழுதியிருந்தது. அன்றைக்குக் கடை வாசலில் நடந்ததைத் தெருவே வந்து பார்த்ததாம். நான் அப்போது சின்னப்பிள்ளை, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றது லேசாக நினைவிருக்கிறது. அவர்கள் திருத்தி எழுதும் வரைக்கும் ஆச்சி படியை விட்டு இறங்கவில்லை.

பீடித் தொழிலாளிகளுக்கான சட்டம் 1966ல் வந்தது, நல நிதிச் சட்டம் 1976ல். இதெல்லாம் நான் பிற்பாடு படித்தது. வீட்டில் இருந்தபடியே சுற்றுகிற பெண்ணும் தொழிலாளிதான் என்று அந்தச் சட்டம் சொன்னது, ஆனால் அதை நிரூபிக்க அட்டை வேண்டும், அட்டை போடக் கடைக்காரர் மனசு வைக்க வேண்டும். ஒரு அட்டையில் இரண்டு பேர் சுற்றுவதும், ஒருத்தி பெயரில் இன்னொருத்தி பி.எஃப். சேர்வதும் எங்கள் ஊரில் சாதாரணம். ஆச்சிக்குச் சொந்த அட்டை இருந்தது அவளுக்குப் பெரிய கௌரவம். அந்த அட்டையைக் காட்டித்தான் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகையை அம்மாவுக்கும் மாமாவுக்கும் சண்டை போட்டு வாங்கினாள். அடுத்த தலைமுறையில் எனக்கும் வந்தது, அது அம்மாவின் அட்டைக்கு. ஆக நான் படித்த படிப்பில் புகையிலைத் தூள் இருக்கிறது. யாரோ எங்கேயோ நெஞ்சு எரிய இழுத்த பீடியில் எனக்குப் பள்ளிக்கூடத்து நோட்டு வந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றைக்கும் எனக்கு ஒரு தெளிவு இல்லை, தெளிவு வந்தமாதிரி நடிக்கவும் முடியவில்லை.

ஆச்சிக்கு அந்தத் தடுமாற்றம் கிடையாது. மகன், பேரன் எவன் வாயிலும் பீடி சிகரெட் இருக்கக் கூடாது. மாமா ஒருமுறை மாட்டிக்கொண்டபோது அளவுத் தகட்டாலேயே அடித்திருக்கிறாள். "சுத்துதவளுக்குத் தெரியும்ல உள்ள என்ன இருக்குன்னு." 2016ல் பீடிக் கட்டின் மேல் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று விதி வந்து, கம்பெனிகள் கொஞ்ச நாள் வேலையை நிறுத்தின. அந்தப் படத்தை அவளிடம் காட்டினேன். தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்க தாத்தாவுக்கு இத மொதல்லயே காட்டியிருக்கலாம், காட்டுனாலும் குடிச்சிருப்பான்" என்றாள். அவளுக்கே தூளால் வருகிற இருமல் இருந்தது, ஒரு நாள்கூடப் புகைக்காதவளுக்கு. முதுகு வளைந்துவிட்டது. சேலை எத்தனை முறை துவைத்தாலும் அந்த வாசனை போகாது, இப்போதும் பஸ்ஸில் பக்கத்தில் யார் மேலாவது அது அடித்தால் நான் திரும்பிப் பார்த்துவிடுவேன்.

பாசம் காட்டத் தெரியாதவள் என்று சொல்ல மாட்டேன். காட்டுகிற விதம் வேறு. நான் பெரிய மனுஷி ஆனபோது தாய்மாமன் சீர், பந்தல், எதிலும் அவள் தலையிடவில்லை. ஆனால் தினமும் காலையில் உளுந்தங்களியைக் கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி, கருப்பட்டி போட்டு என் முன்னால் வைத்துவிட்டு, நான் முழுங்கும் வரைக்கும் எதிரே நிற்பாள். திட்டிக்கொண்டே நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை உளுந்தஞ்சோறு. தோலோடு உடைத்த கருப்பு உளுந்தும் அரிசியும், பூண்டு நிறைய, கொஞ்சம் வெந்தயம், சீரகம், இறக்கும் முன் தேங்காய்த் துருவல். கூட எள்ளுத் துவையல். இதை நான் சென்னையில் குக்கரில் வைக்கிறேன், நன்றாகத்தான் வருகிறது, ஆச்சி வைத்த ருசி வரவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சொல்லப்போனால் அவள் உப்புக் கொஞ்சம் தூக்கலாகப் போடுவாள்.

வயசு ஆன பிறகு பி.எஃப். பென்ஷன் வர வேண்டும். அதில் ஒரு கூத்து. அட்டையில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு எழுத்து வேறு, வாக்காளர் அட்டையில் தாத்தா பெயருக்கு முன்னால் வேறு இனிஷியல். இந்த மூன்றும் ஒரே பெண்தான் என்று அலுவலகத்துக்கு நிரூபிக்க அவளும் மாமாவும் திருநெல்வேலிக்கு அலைந்தார்கள். முதலில் வந்தது சில நூறு ரூபாய். 2014ல் குறைந்தபட்சம் 1000 ரூபாய் என்று ஆன பிறகுதான் அவள் அதைப் பென்ஷன் என்றே மதித்தாள். பென்ஷன் வந்ததற்காகச் சுற்றுவதை நிறுத்தினாளா என்றால் இல்லை, அத்தையின் அட்டையில் நானூறு ஐந்நூறு என்று போட்டுக்கொண்டே இருந்தாள். அப்போதுகூட ஆயிரத்துக்குக் கூலி 200 ரூபாயைத் தொடவில்லை. போதும் ஆச்சி, விடு என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். "விட்டுட்டு? ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது. அசையாமல் ஒரே வீட்டில் இருந்துகொண்டே திருநெல்வேலி ஜில்லாக்காரி தென்காசி ஜில்லாக்காரி ஆகிவிட்டாள் என்று கிண்டல் பண்ணினோம். பென்ஷனுக்கு இனி எங்கே அலைய வேண்டும் என்பதுதான் அவள் கவலை.

மறுவருஷம் ஆடியில் போய்விட்டாள். பெரிய சீக்கு எதுவும் இல்லை, சோறு குறைந்தது, பேச்சு குறைந்தது, பேச்சு குறைந்ததும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஊரடங்குக் காலம், மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். எனக்குக் கிடைத்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாமா போனில் காட்டியதைத்தான் பார்த்தேன். தெருப்பெண்கள் எல்லாரும் மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள், அது போனில் விட்டு விட்டுக் கேட்டது.

பெட்டியில் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு பவுன் சங்கிலி, அதை வைத்து நடந்த சண்டையை இங்கே எழுத முடியாது, எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். பாஸ் புத்தகங்கள் மட்டும் மொத்தமாக, பழையதில் இருந்து, பீடி நூலாலேயே கட்டி வைத்திருந்தாள். அவற்றை நான் எடுத்துக்கொண்டேன், யாரும் போட்டிக்கு வரவில்லை. கைநாட்டில் இருந்து கையெழுத்துக்கு மாறிய பக்கம் எது என்று தேடினேன், இருக்கிறது. எழுத்து கோணலாக, கட்டத்தைத் தாண்டி அடுத்த வாரத்துக் கட்டத்துக்குள் போயிருக்கிறது.

இதை சித்திக்கு வாசித்துக் காட்டினேன். பாதி தப்பு என்கிறாள். வெள்ளத்தில் அரிசிப் பானையைத் தூக்கியது அவள் இல்லையாம், அம்மாவாம். தாத்தா பணம் ஒழுங்காகத்தான் அனுப்பினாராம், ஆச்சிதான் வரவில்லை என்று சொல்லிச் சொல்லி அதைத் தனியாகச் சேர்த்து வைத்து வீட்டுக்கு ஓடு மாற்றினாளாம். இரண்டாவது விஷயம் உண்மையாக இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அம்மாவிடம் கேட்டால் அவள் மூன்றாவதாக ஒன்று சொல்கிறாள், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.